விழாததற்கு ஒரு சாட்சி

விபத்துக் காப்பீடு விற்க அந்த அக்கா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய இடது முழங்கையில் ஒரு கட்டு, முகவாயில் பிளாஸ்திரி, வலது கணுக்காலில் மஞ்சள் பற்று. நாற்காலியில் மெதுவாக, ஒரு பக்கமாக உட்கார்ந்தார். பையிலிருந்து வழவழப்பான விளம்பரத் தாளை எடுத்து என் முன்னால் விரித்து, "எப்ப இன்னா ஆவும்னு யாரால சொல்ல முடியும், சார்?" என்றார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி உள்ளே போய்விட்டாள். நான் மறுபேச்சு பேசாமல் பாலிசி எடுத்தேன். அதுவரை ஆபத்தைப் பற்றி என்னிடம் பேசிய ஏஜெண்டுகள் எல்லாரும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத மனிதர்கள். இவரை எப்படி நம்பாமல் இருப்பது?

கட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். லீவுக்கு வந்திருந்த பேரனின் ஸ்கேட்டிங் பலகையாம்.

"நல்லாத்தான் போச்சு சார். திரும்புறதுக்குத்தான் இன்னும் கத்துக்கல."

எங்களுக்கு எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நெய்வேலி டவுன்ஷிப் வழக்கப்படி நான் 'ஆன்ட்டி' என்று ஆரம்பித்தேன். "இன்னாது, ஆன்ட்டியா? அக்கான்னு கூப்புடு தம்பி. இல்லன்னா பேரு சொல்லியே கூப்புடு" என்றார். அந்த ஒரே வாக்கியத்தில் நான் சாரிலிருந்து தம்பியாக இறங்கிவிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் அன்றைக்கும் எனக்கு வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை. அதனால் இங்கேயும் அவர் அக்காதான்.

அக்காவிடம் இருந்த குணம் ஒன்றே ஒன்று. எதைப் பார்த்தாலும் தொடங்கிவிடுவார். முதலில் கற்றுக்கொள்வது, பிறகு செய்வது என்று உலகம் வைத்திருக்கிற வரிசை அவருக்குப் பிடிபடவே இல்லை. டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். ஹையருக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போகவில்லை. இந்தியில் மூன்றாவது பரீட்சைக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் வீட்டு முன்னறை ஆணியில் பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று தொங்கும். ஒரு கை மட்டும் இருக்கும். நெய்வேலி வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கக்கா என்று கேட்டால், "அதான் பாதியோட வுட்டுட்டேன்" என்பார். இப்போது கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் கணவரின் ஊரில் இருக்கிறார். போன மாதம் போன் செய்தபோது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கற்றுக்கொண்டிருப்பதாகச் சொல்லவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பதாகத்தான் சொன்னார். அந்த ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட். பெல்ட்டில் வேலை. வெட்டியெடுத்த மண்ணையும் கரியையும் மைல்கணக்கில் சுமந்து போகிற ரப்பர் பெல்ட்டின் ஓரமாக நடந்துகொண்டே, அடியில் சுழலும் உருளைகளில் எது கெட்டுப்போகப் போகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதனாலோ என்னவோ, மனிதர் பேசுவது குறைவு, கேட்பது அதிகம். பால் பூத் வரிசையில் ஒருநாள் என் முன்னால் நின்றவர், நான் கேட்காமலே திரும்பிச் சொன்னார்.

"அது சொன்னா கேக்காதுங்க. கல்யாணமான புதுசுல ஒரு மொபெட் வாங்கினேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து நான் தூங்கிகினு இருக்கேன். இது வண்டிய எடுத்துகினு பண்ருட்டிக்கே போயிடுச்சு. எப்படிக் கெளப்புறதுன்னு பாத்து வச்சிருந்துச்சு. எப்படி நிறுத்துறதுன்னு பாக்கல."

"ஐயோ, அப்புறம்?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பலாப்பழ வண்டி. அதுலதான் நின்னுது. நசுங்கின பழத்தையெல்லாம் நாமதான வாங்கணும்? எங்க பிளாக் முழுக்க ஒரு வாரம் பலாச்சுளைதான்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். குரலில் மட்டும் கொஞ்சம் பெருமை இருந்தது.

நெய்வேலியில் மலை கிடையாது. கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைத் தோண்டி ஓரமாகக் கொட்டிக் கொட்டி, நாங்களே உண்டாக்கிக்கொண்ட மேடுகள்தான் எங்களுக்கு மலை. அதில் மிகப் பழையது ஒன்று சுரங்க வேலிக்கு வெளியே இருந்தது. மரம் வளர்ந்து, ஆடு மேய்ந்து, ஏறக்குறைய நிஜ மலையாகவே ஆகிவிட்ட மேடு. ஆனால் பூமிக்கு அடியில் இருக்க வேண்டிய களிமண் அதன் உச்சியிலும், மேலே இருக்க வேண்டிய செம்மண் கீழேயுமாகத் தலைகீழாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் அதன்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஆட்டுப் பாதை வழியாகச் சறுக்கிக்கொண்டு இறங்குவோம். அதுதான் எங்கள் விளையாட்டு.

தலைவர் செந்தில், பணிமனையில் இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கம். நீலகிரியில் சைக்கிள் விட்டவர். இரண்டாவது ரஃபீக். அவர் குடும்பத்துக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம், இவர் மட்டும் டவுன்ஷிப் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மூன்றாவது நான். கணக்குப் பிரிவில் ஜெனரல் ஷிஃப்ட், சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி, பிறந்ததிலிருந்து வரப்பைத் தவிர வேறு உயரம் பார்த்ததில்லை. பொங்கல் போனஸில் வாங்கிய என் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங். அந்தச் சைக்கிள் என்னைவிட நன்றாக ஓட்டும் என்று ரஃபீக் சொல்வார். மறுக்க முடியாது.

ஒரு ஞாயிறு, மேட்டின் அடிவாரத்தில் நாங்கள் நின்றிருந்தபோது அக்கா யாரோ ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வந்தார். ஊதா நிறத்தில் லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போய், பேரன் ஸ்கேட்டிங் பலகையில் ஏறும் காலமும் வந்துவிட்டது. சைக்கிள் மட்டும் அப்படியே இருந்தது.

"மேல இன்னா இருக்குது தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா. ஏறிட்டு இறங்குவோம்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அக்கா மேட்டைப் பார்த்தார். எங்கள் சைக்கிள்களைப் பார்த்தார். "சும்மாவா!" என்றார், ஏதோ கேட்கக் கிடைக்காத நல்ல சேதியைக் கேட்டவர் மாதிரி. "அப்ப நானும் வரேன்."

செந்தில் பதறிவிட்டார். "அக்கா, இந்த சைக்கிள்ல முடியாதுங்க. கியர் இல்லீங்க, பிரேக் பாருங்க, கட்டை எல்லாம் தேஞ்சு கெடக்குது."

"பிரேக்குத்தானே? எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னா போட்டுக் குடுப்பாரு."

போட்டுக் கொடுத்தார். மந்தாரக்குப்பத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய பெல்ட் ரப்பரைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பிரேக் கட்டையாகச் செதுக்கி மாட்டிவிட்டார். எங்கள் ஊரில் பெல்ட் ரப்பருக்கு ஆகாத வேலை கிடையாது. மிதியடி ஆகும், மாட்டுத் தொழுவத்துக்கு விரிப்பாகும், கதவுக்குக் கீல்கூட ஆகும். பிரேக்குக்கு மட்டும் ஆகவில்லை. சமதரையில் பிடித்தது, மேட்டில் பிடிப்பதற்குப் பதிலாகக் கருகல் நாற்றம் அடித்தது. நாற்றம் வந்தால் அக்கா பிரேக் போடுகிறார் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

தலைக்குக் கணவருடைய ஸ்கூட்டர் ஹெல்மெட். அது இரண்டு சைஸ் பெரியது. விழுந்து எழும்போது அக்காவின் முகம் ஒரு பக்கமும் ஹெல்மெட்டின் முகம் இன்னொரு பக்கமும் பார்க்கும். கூடையில் பிளாஸ்க் நிறைய டீ, டப்பாவில் வறுத்த முந்திரி, அதற்கடியில் நாலைந்து விளம்பரத் தாள். உச்சியில் ஆடு மேய்க்க வந்த ஒருவரிடம் ஆட்டுக்கும் காப்பீடு உண்டென்று அரைமணி நேரம் பேசியிருக்கிறார். அந்த ஆள் ஆடுகளைத் தேடிக்கொண்டு போன பிறகுதான் விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மணி. கைப்பிடியில் இருந்த மணியின் மூடிக்கு மரை தேய்ந்துபோய், சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் கிணுகிணுவென்று தானாக அடித்துக்கொள்ளும். அக்கா அதை விரலால் அடித்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை, அவர் வருவது இரண்டு பிளாக் முன்னாலேயே தெரியும்.

நாங்கள் மூவரும் உச்சியில் நின்று பாதையை ஆராய்வோம். ஆட்டுப் பாதையில் கண்டங்கள் மூன்று. முதலில் ஒரு பெரிய முந்திரி மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வளைவு. அடுத்து, முழங்கால் உயரத்துக்குச் சட்டென்று இறங்கும் செம்மண் படி. கடைசியாக, அடிவாரத்துக்குச் சற்று மேலே மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளம். எங்கே பின்னால் சாய்வது, எங்கே பிரேக்கை விடுவது என்று செந்தில் பாடம் நடத்துவார். செல்போனில் வீடியோ போட்டுக் காட்டுவார். அக்கா அந்தப் பக்கமே திரும்பமாட்டார்.

"வந்து பாருங்கக்கா, ரொம்பச் செங்குத்துங்க."

"வேணாம்பா. பாத்தா பயம் வந்துடும். கீழ போவச்சொல்ல பாத்துக்கினா போவுது."

சொல்லிக்கொண்டே போய்விடுவார். மரங்களுக்குள் உருவம் மறைந்துவிடும். கிணுகிணு கிணுகிணு என்று மணி மட்டும் கீழே கீழே போகும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். ஓர் இடத்தில் மணி நின்றுவிடும். நின்றால் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் புதருக்குள்ளிருந்து குரல் வரும்.

"நல்லாத்தான் இருக்கேன்!"

ரஃபீக் அதைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்து "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். பிறகுதான் நாங்கள் இறங்குவோம். அக்கா ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கொட்டிப்போன முந்திரியில் மண் படாததைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். "போன வாட்டி மரத்தாண்டயே வுழுந்துட்டேன். இந்த வாட்டி படி வரைக்கும் வந்துட்டேன், பாத்தியா?" என்பார். விழுந்த இடம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு சந்தோஷம். மாதக்கணக்கில் விழுந்தார். மரத்தடியில் விழுந்தார், படியில் விழுந்தார், பள்ளத்தில் கணக்கே இல்லாமல் விழுந்தார். டவுன்ஷிப்பில் அவருடைய பாலிசிகள் அந்த வருஷம்தான் மிக நன்றாக விற்றன.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நான் விழுவதற்குப் பயந்து ஒவ்வொரு அடியும் பிரேக் பிடித்து இறங்கி, கீழே வந்ததும் கை மரத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். அவர் ரத்தமும் மண்ணுமாக எழுந்து டீ ஊற்றிக் கொடுப்பார்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மணி நின்றது, குரல் வரவில்லை.

"அக்கா!" என்று கத்தினோம். பதில் இல்லை. சைக்கிள்களை எறிந்துவிட்டு ஓடினோம். பள்ளத்துக்குள் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. கூடை நசுங்கி, டீ மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ரஃபீக் முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, "டீ போச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. செந்திலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போதுமுங்கக்கா. இனி நீங்க வர வேண்டாமுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா உங்க வீட்டுல போயி நான் என்னன்னு சொல்றது?"

அக்கா சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் கவ்விப் பிடித்து, வளைந்த கைப்பிடியை நிமிர்த்தினார். திரும்பும் வழியெல்லாம் மணிதான் பேசிக்கொண்டு வந்தது. என் வீட்டு வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்.

"அவருக்கு இந்த மாசத்தோட சர்வீஸ் முடியுது தம்பி. தை பொறந்தா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். கம்மாபுரத்துக்கு அந்தாண்ட அவரு ஊரு. அங்க மேடுன்னு பாத்தா குப்பமேடுதான்."

"அதுக்கென்னக்கா, நல்ல ஊர்தானே."

"நல்ல ஊருதான். நான் அதச் சொல்லல." கொஞ்ச நேரம் கைப்பிடி ரப்பரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு இத்தினி வருசமா ஒரே பெல்ட்ட புடிச்சுகினு நடந்து, முடிச்சுட்டு வராரு. மால போடப்போறாங்க. நான் இன்னாத்த முடிச்சேன் சொல்லு? டைப்பு பாதி, இந்தி பாதி, அந்தச் சட்டைக்கு ஒரு கைதான். இது ஒண்ணையாவது மேலேருந்து கீழ வரைக்கும், வுழாம, காலு ஊணாம, முழுசா வந்துட்டு போவணும் தம்பி. ஒரே ஒரு வாட்டி. அப்புறம் அந்தப் பையன் சொல்லவே வாணாம், நானே வரல."

அதுவரை எல்லாவற்றையும் பாதியில் விட்டது அவருக்கு ஒரு வேடிக்கை என்றே நினைத்திருந்தேன். அந்த ஸ்வெட்டரை ஆணியிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பது எதனால் என்று அன்றைக்குப் புரிந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது. செந்திலிடம் போய்ப் பேசினேன். அவரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஒரு மாதம் ஓய்வு, புதுப் பிரேக், சரியான ஹெல்மெட், இவ்வளவும் இருந்தால் ஒரே ஒரு முறை என்று ஒப்புக்கொண்டார். ஹெல்மெட்டை ரஃபீக் கொண்டுவந்து கொடுத்தார். பிரேக்குக்கு அக்கா, "அவரு கையால போட்டது, அதக் கழட்டுவனா?" என்று சொல்லிவிட்டார்.

கடைசி ஞாயிறுக்கு முந்தின இரவெல்லாம் மழை. மார்கழி முடிகிற நேரத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. விடிகாலையில் செந்திலிடமிருந்து செய்தி: இன்றைக்கு யாரும் வர வேண்டாம். மழை விட்டிருந்தது. நான் போர்வையை இழுத்துக்கொண்டபோது வாசலில் கிணுகிணு.

"தம்பி! சாமான் ஏத்த லாரி வெள்ளிக்கிழம வருது!"

போய் எப்படியாவது பேசித் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். பேசிக்கொண்டேதான் ஏறினேன். உச்சிக்குப் போய்ச் சேரும்போது நான் பேசி முடித்திருந்தேன், அவர் புது ஹெல்மெட்டின் வாரை மாட்டி முடித்திருந்தார். கீழே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பாதி மூடுபனிக்குள் நின்றன. முதல் ஷிஃப்ட் பஸ்கள் எப்போதோ போயிருந்தன.

"சரிக்கா, நான் முன்னால போறேன். வழி எப்படி இருக்குன்னு பாத்துச் சத்தம் போடறேன். சத்தம் வந்த பிறகு நீங்க வாங்க. வர வேண்டாம்னு சொன்னா வரக்கூடாது."

"சரி தம்பி."

பாறையில் எப்படி இறங்க வேண்டும் என்று செந்தில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் மேட்டில் பாறை ஏது? மழையில் நனைந்த களிமண்தான் உச்சியிலிருந்து பாதி வழி வரைக்கும். முந்திரி மர வளைவைக் கடந்ததும் வேகம் கூடியது. பயந்து, என் டிஸ்க் பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். மிகச் சிறந்த பிரேக். சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது. சோப்பு மாதிரிக் கிடந்த களியில் சைக்கிள் மட்டும் நிற்காமல் பக்கவாட்டில் போனது. நான் இன்னொரு பக்கம் போனேன்.

பாதையோரப் புதருக்குள் குப்புறக் கிடந்தேன். தோள்பட்டையில் ஏதோ முறிந்த சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் ஈர மண்ணும் ஓர் எறும்புப் புற்றும்தான் தெரிந்தன. 'வராதீங்க' என்று கத்த வாயைத் திறந்தேன், மூச்சு வெளியே வரவில்லை. அதற்குள் மேலே மணி கேட்க ஆரம்பித்துவிட்டது. சரி என்று சொன்னவர் சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை! எதற்காகத்தான் காத்திருந்தார்?

கிணுகிணு கிணுகிணு. முந்திரி வளைவு தாண்டியது. மணி என்னை நோக்கி வந்தது. கருகல் நாற்றம் ஒரு கணம் அடித்தது.

"ஐயோ தம்பி!" அக்காவின் குரல் என் தலைக்குப் பக்கத்தில் வந்து, தாண்டி, கீழே போனது. "நிக்க வரலப்பா! போயிட்டு வரேன்!"

பிடிக்காத பிரேக்கால் சறுக்கவும் முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. வலியைக்கூட மறந்துவிட்டு, எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கிணுகிணு கிணுகிணு. செம்மண் படி வரப்போகிறது. டணார் என்று ஒரே ஓர் அடி. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். கிணுகிணு மறுபடி தொடங்கியது! படியைத் தாண்டிவிட்டார். மணி வேகமாக, இன்னும் வேகமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கேட்டது. இனிப் பள்ளம் ஒன்றுதான் மிச்சம். அவர் மூர்ச்சையாகிக் கிடந்த அதே பள்ளம். "பின்னால சாயுங்கக்கா, சாயுங்க" என்று மண்ணுக்குள் முணுமுணுத்தேன்.

மணி நின்றது.

நான் காத்திருந்தேன். 'நல்லாத்தான் இருக்கேன்' வர வேண்டும். வரவில்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். நானே அவரைக் கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது, வெகு கீழே, பள்ளத்துக்கும் அப்பால், அடிவாரத்துச் சமதரையிலிருந்து, நிதானமாகக் கேட்டது.

ட்ரிங். ட்ரிங்.

விரலால் அடித்த மணி.

கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். என்னைப் புரட்டி உட்காரவைத்து, துப்பட்டாவால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். உடம்பில் ஒரு பொட்டு மண் இல்லை. அடி பட்டதா, வலிக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பாத்தியா தம்பி?"

"பாக்க முடியலக்கா. கேட்டேன்."

முகம் ஒரு நொடி வாடியது. "முழுசா கேட்டியா?"

"முழுசா. மேலேருந்து கீழ வரைக்கும்."

அந்தச் சேற்றிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதார். பிறகு என் வளைந்துபோன முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் எனக்குத் தோள் வலித்தது. இருந்தாலும் சிரித்தேன்.

அவர் விற்ற பாலிசிதான் என் மருத்துவச் செலவுக்கு உதவியது. விபத்தை நேரில் பார்த்தவர் யார் என்று காப்பீட்டு அலுவலகத்திலிருந்து விசாரித்தார்கள். "நான்தாங்க. பக்கத்துலயேதான் போனேன். நிக்கத்தான் முடியல" என்று அக்கா சாட்சி சொன்னார். நான் விழுந்ததற்கு அவர் சாட்சி, அவர் விழாததற்கு நான் சாட்சி. செந்தில் மட்டும், "பார்க்காம எப்படிங்க ஒத்துக்கறது?" என்று ரஃபீக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் காதை நம்ப அவருக்கு இரண்டு நாள் ஆனது.

ஆனால் நான் விழுந்த அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு அக்காவின் கணவர் வந்தார். தனியாக வந்தார். பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை என் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாக்கலியாமே."

"இல்லீங்க. கேட்டதுதான்."

"எப்படிக் கேட்டுது?"

சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெல்ட்டின் ஓரமாக நடக்கும்போதும் அவர் இப்படித்தான் கேட்பார் போலும். நான் வாயாலேயே கிணுகிணு என்று தொடங்கினேன். அவர் தலை லேசாக ஆடியது.

"படியில?"

"ஒரே ஒரு டணார். அப்புறம் மறுபடி கிணுகிணு."

"பள்ளத்துல?"

"அங்க சத்தம் நின்னு போச்சுங்க."

கண்ணைத் திறந்தார். "அப்புறம்?"

"ட்ரிங் ட்ரிங்னு ரெண்டு வாட்டி."

"தானா அடிச்சுதா? கையால அடிச்சுதா?"

"கையாலங்க."

"முடிச்சுடுச்சு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெங்களூருக்கு.

"அம்மாடி, உங்க அம்மா எறங்குது. வையாத, கேளு" என்று சொல்லி, போனை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

நான் உச்சியிலிருந்து தொடங்கினேன்.